துருவவொளியைப் படம்பிடிக்கும் முறை

(கல்லூரித் தமிழாசிரியர்)

இயற்கை நமக்குக் காட்டும் காட்சிகள் பலவற்றுள்ளும் காண்டற்கரியதாயும், கண்டார் மறத்தற்கரியதாயும் விளங்குவது துருவவொளியாகும். வடதுருவத்தை அடுத்துள்ள நாடுகளிலே, நீண்ட குளிர்கால இரவுகளிலே, விண்ணிலிருந்து தொங்கவிட்ட திரைச்சீலை காற்றில் அசைவதுபோல் அசைந்து, கணத்தில் உருமாறி, கணத்தில் மறையும் ஒளி அது. நம் நாடு பூமியின் காந்த மத்தியகோட்டை அடுத்துக் கிடப்பதால் இங்கு அதனைக் காண்டற்கில்லை. ஆயினும் நம்மவர்க்கும் அதற்கும் இன்று தொடர்பு உண்டு. 1980களின் பிற்பகுதியிலே தாயகம் விட்டுச் சென்ற தமிழர் பலர் நோர்வேயின் வடகோடியாகிய பின்மார்க் பகுதியில் மீன் பதனிடும் சாலைகளிலே தொழில் செய்தனர். தொழில் முடிந்து வீடு திரும்பும் வழியிலே தலைக்கு மேல் துருவவொளி ஆடக் கண்டவர் அவர்களுட் பலராவர். கனடா, சுவீடன் முதலிய நாடுகளில் வாழும் நம் பழைய மாணவரும் அதனைக் காண வடக்கு நோக்கிப் பயணஞ் செய்கின்றனர்.

2024ஆம் ஆண்டு மே மாதம் 10ஆந் திகதி இரவு பெருங் காந்தப்புயல் ஒன்று எழுந்தது. 2003ஆம் ஆண்டின் பின் அத்துணை வலிய புயல் நிகழ்ந்திலது. அன்று வழக்கத்துக்கு மாறாகத் தெற்கிலுள்ள நாடுகளிலும் துருவவொளி தோன்றிற்று. வெளிநாட்டிலுள்ள தமையன்மாரும் மாமன்மாரும் அனுப்பிய படங்களை நம் மாணவர் வகுப்பறைக்குக் கொண்டுவந்து காட்டினர். அவர்களுள் ஒருவன், “ஐயா, மாமாவின் கண்ணுக்கு வெளிறிய புகைபோல்தான் தெரிந்ததாம், படத்திலோ பச்சையும் சிவப்புமாய் இருக்கிறது. படம் பொய் சொல்கிறதா?” என்று வினவினான். வினா சிறிது, பொருள் பெரிது. அதற்கு விடை கூறுதலும், அவ்வொளியைப் படம்பிடிக்க விழைவோர் தம் கமராவை அமைக்குமாறு யாது என விளக்குதலும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒளி பிறக்குமாறு

சூரியனிலிருந்து மின்னேற்றம் பெற்ற துணிக்கைகள் ஓயாது வெளிப்படுகின்றன. இதனைச் சூரியக்காற்று என்பர். பூமியின் காந்தப்புலம் இக்காற்றைத் தடுத்து விலக்குகின்றது. ஆயினும் அக்காந்தப்புலம் குழம்புங் காலத்து, இலத்திரன்கள் விரைவுபெற்றுக் காந்தக்கோடுகளின் வழியே துருவப் பகுதிகளின் மேல்வளியிற் பாய்கின்றன. அவை மோதுதலினால் வளியின் அணுக்கள் கிளர்ச்சியுற்றுப் பின் தாம் பெற்ற சத்தியை ஒளியாக உமிழ்கின்றன. ஒட்சிசன் அணு நிலத்திலிருந்து ஏறத்தாழ 100 முதல் 150 கிலோமீற்றர் உயரத்திலே 557.7 நனோமீற்றர் அலைநீளமுடைய பச்சையொளியைத் தரும். அதே ஒட்சிசன் 200 கிலோமீற்றருக்கு மேலே 630 நனோமீற்றர் அலைநீளமுடைய செவ்வொளியைத் தரும். நைதரசன் நீலமும் ஊதாவும், திரையின் கீழ்விளிம்பிலே இளஞ்சிவப்பும் தரும்.

செவ்வொளி மேலேமட்டும் தோன்றுவது ஏன் எனின், அவ்வொளியை உமிழக் கிளர்ச்சியுற்ற அணுவுக்குச் சராசரி 110 செக்கன் வரை வேண்டும். அடர்ந்த வளியில் அதற்குள் வேறோர் அணுவோடு மோதிச் சத்தியை இழந்துவிடும். ஐதான மேல்வளியிலேதான் அதற்கு அவகாசம் உண்டு. பச்சையொளிக்கோ ஒரு செக்கனிலும் குறைந்த நேரமே போதும். ஆகவே பச்சைத் திரை விரைந்து ஆடும். சிவப்பு மெல்லப் பரந்து நிற்கும். இவ்வேறுபாடு படம்பிடிப்போன் மனத்திற் கொள்ளவேண்டியதொன்று.

மேற்கூறிய 2024ஆம் ஆண்டுப் புயலின்போது இந்தியாவின் லடாக் பகுதியிலுள்ள ஹான்லே வான்நோக்கு நிலையத்துக் கமராக்களில் வடதிசைச் செவ்வொளி பதிந்தது. தொலைவில் நிற்போர்க்குத் திரையின் பச்சையான அடிப்பகுதி தொடுவானின் கீழ் மறைந்துபோக, உயர்ந்த செம்பகுதிமட்டுமே தெரியும் என்பதற்கு இது நல்ல சான்று.

கண்ணும் கமராவும்

இனி மாணவனின் வினாவுக்கு வருவோம். நம் விழித்திரையில் கூம்புகள், கோல்கள் என இருவகைக் கலங்கள் உள. நிறத்தைப் பகுத்தறிவன கூம்புகள். அவற்றுக்கு ஒளி மிக வேண்டும். மங்கிய ஒளியிலும் தொழிற்படுவன கோல்கள். அவை நிறம் அறியா. ஆதலால் மெல்லிய துருவவொளி கண்ணுக்குச் சாம்பல் நிறமாய், முகில்போலத் தோன்றும். ஒளி வலுத்தபோது பச்சை தெளிவாகத் தெரியும். மிக வலுத்தபோது கீழ்விளிம்பின் இளஞ்சிவப்பும் தெரியும்.

அன்றியும், கண்ணானது ஒளியை நெடுநேரம் சேர்த்துவைப்பதில்லை; செக்கனின் ஒரு சிறு பகுதிக்குள் கண்டதைக் கண்டபடியே மூளைக்கு அறிவித்துவிடும். கமராவோ பத்துச் செக்கன் திறந்திருப்பின் பத்துச் செக்கனும் வந்த ஒளியைத் துளிதுளியாய்ச் சேர்க்கும். மழைக்காலத்திலே கூரைத் தாழ்வாரத்தின் கீழ் வைத்த குடத்தை நினைக. ஒரு துளி நாவை நனைக்காது. குடம் நிறைந்தபின் தாகம் தீரும். படம் காட்டும் நிறம் வானில் இல்லாத நிறமன்று. கண்ணுக்கு எட்டாத மென்மையோடு வானில் இருந்த நிறமே. ஆகவே கண் கண்டதும் மெய், கமரா கண்டதும் மெய். அவை இரண்டும் வேறு வேறு வகையான சாட்சிகள்.

முன்னோர் முயற்சி

துருவவொளி எளிதில் படத்துள் அடங்கியதன்று. 1882, 1883ஆம் ஆண்டுக் குளிர்காலத்தை வட நோர்வேயின் கௌத்தகெய்னோவிற் கழித்த சோபஸ் ட்ரோம்ஹோல்ட் என்னும் டென்மார்க் நாட்டறிஞர் அதனைப் படம்பிடிக்கப் பலகாலும் முயன்றார். அக்காலத் தகடுகள் சில நிமிட நேரம் திறந்திருந்தும் ஒளியைப் பற்றவில்லை. அவர் எடுத்த சாமி மக்களின் உருவப்படங்களே இன்று அவருக்குப் புகழ் தருகின்றன. 1892ஆம் ஆண்டிலே ஜேர்மனியரான மார்ட்டின் பிரெண்டல் என்பார் வட நோர்வேயின் போசெக்கொப் என்னும் ஊரிலிருந்து முதன்முதல் வெற்றி கண்டார்.

அதன்பின் நோர்வேயின் கணிதப் பேராசிரியர் கார்ல் ஸ்தோர்மர் அக்கலையை அளவைக் கருவியாக மாற்றினார். 1910ஆம் ஆண்டு போசெக்கொப்புக்குச் சென்ற அவர், ஒன்றுக்கொன்று தொலைவான இரு நிலையங்களிற் கமராக்களை நிறுத்தித் தொலைபேசியால் இணைத்து, ஒரே கணத்தில் ஒரே ஒளியைப் படம்பிடித்தார். இரு படங்களிலும் பின்னணியான உடுக்கள் ஒன்றே. ஆனால் அவற்றின் முன்னே ஒளித்திரை சற்று இடம்மாறித் தோன்றும். அவ்விடமாற்றத்தைக்கொண்டு அதன் உயரத்தைக் கணித்தார். திரையின் கீழ்விளிம்பு பெரும்பாலும் நிலத்திலிருந்து 100 கிலோமீற்றர் அளவில் நிற்கின்றது என்பது அவ்வாறு நிலைநாட்டப்பட்டது. மலையுச்சியைத் தொடுகின்றது, மரக்கிளையில் இறங்குகின்றது என்றெல்லாம் கூறப்பட்டுவந்த ஒன்றன் உண்மை உயரத்தைக் குறித்த நேரத்திற் சரியாக எடுத்த படங்கள் காட்டின என்பது கருதத்தக்கது.

வேண்டுங் கருவிகள்

இக்காலத்துக் கமராக்கள் அம்முன்னோர் கனவிலுங் காணாத உணர்வுடையன. எனினும் மூன்று பொருள்கள் இன்றியமையாதன. ஒன்று, துவாரம், நேரம், உணர்வு ஆகியவற்றை நாமே அமைக்க இடந்தருங் கமரா. இரண்டு, 14 முதல் 24 மில்லிமீற்றர் வரை குவியத்தூரமுடைய அகல்கோண வில்லை. அதன் துவாரம் எஃப் 2.8 அல்லது அதனினும் அகலமாகத் திறத்தல் நன்று. மூன்று, உறுதியான முக்காலி. கையிற் பிடித்து எடுத்தல் இங்கு ஆகாது. விசையை விரலால் அழுத்துங்காலும் கமரா நடுங்குமாதலால் இரண்டு செக்கன் தாமதித்துத் திறக்கும் அமைப்பை இடுக. முக்காலியில் வைத்தபின் வில்லையின் அதிர்வு தாங்கியை நிறுத்திவிடுக.

வில்லையின் முன்னே காப்புக்காக இட்ட கண்ணாடி வடிகட்டியைக் கழற்றிவிடல் வேண்டும். துருவவொளியின் பச்சை ஏறக்குறைய ஒற்றை அலைநீளமுடையதாதலின், அக்கண்ணாடியின் இரு முகங்களுக்கிடையே தெறித்துப் படத்தின் நடுவே வட்டவட்டமான கோடுகளை உண்டாக்கும். இதனைப் பின்னர் அழித்தல் அரிது.

மூன்று அளவுகள்

படத்தின் ஒளிமிகுதியை நிர்ணயிப்பன மூன்று: துவாரத்தின் அகலம், திறந்திருக்கும் நேரம், ஐ.எஸ்.ஓ. எண்ணாற் குறிக்கப்படும் உணர்வு. குடத்து உவமையையே தொடர்ந்தால், துவாரம் குடத்தின் வாய், நேரம் மழை பெய்யும் பொழுது. ஐ.எஸ்.ஓ. எண்ணை உயர்த்துதலோ சேர்ந்ததைப் பெருக்கிக் காட்டுதலாகும். பெருக்கும்போது நீரோடு தூசியும் பெருகித் தெரிவதுபோலப் படத்திற் புள்ளிகள் மிகும்.

துவார எண் சிறிதாக ஆக, வாய் அகலும். எஃப் 2.8 இலிருந்து எஃப் 4 இற்குச் சென்றால் ஒளி பாதியாகும், எஃப் 1.4 இற்குச் சென்றால் நான்கு மடங்காகும். நேரத்தை இரட்டித்தால் ஒளி இரட்டிக்கும். ஐ.எஸ்.ஓ. எண்ணை இரட்டித்தால் படத்தின் வெளிச்சம் இரட்டிக்கும். எனவே எஃப் 2.8, ஐ.எஸ்.ஓ. 1600, 8 செக்கன் என்பதும், எஃப் 2.8, ஐ.எஸ்.ஓ. 3200, 4 செக்கன் என்பதும், எஃப் 2, ஐ.எஸ்.ஓ. 3200, 2 செக்கன் என்பதும் ஒரே வெளிச்சமுடைய படங்களைத் தரும். வெளிச்சம் ஒன்றாயினும் படம் ஒன்றன்று. எட்டுச் செக்கன் திறந்த படத்தில் ஆடுந்திரை தன் மடிப்பெல்லாம் இழந்து பச்சை மூடுபனியாய்க் கிடக்கும். இரண்டு செக்கனில் எடுத்ததில் மடிப்பும் கதிரும் தனித்தனி நிற்கும். ஆகவே விதி யாதெனின்: முதலில் ஒளியின் வேகத்தைப் பார்த்து நேரத்தைத் தெரிக, துவாரத்தை இயன்றவரை அகலத் திற, பின்னர் எஞ்சிய குறையை ஐ.எஸ்.ஓ. எண்ணால் நிரப்புக.

தொடக்கத்துக்கு உதவும் அளவுகள் வருமாறு. யாவும் எஃப் 2.8 துவாரத்துக்குக் கூறப்பட்டன.

(1) தொடுவானருகே அசையாது நிற்கும் மெல்லிய வில்: ஐ.எஸ்.ஓ. 3200; 10 முதல் 15 செக்கன்.

(2) தெளிவாய்த் தெரிந்து மெல்ல நகரும் திரை: ஐ.எஸ்.ஓ. 1600 முதல் 3200. 4 முதல் 8 செக்கன்.

(3) விரைந்து ஆடும் பேரொளி: ஐ.எஸ்.ஓ. 1600 முதல் 3200. 1 முதல் 2 செக்கன்.

நேரத்துக்கு மேலெல்லையும் உண்டு. பூமி சுழல்வதால் உடுக்கள் மணிக்கு 15 பாகை நகர்வனபோல் தோன்றும். 500ஐ வில்லையின் குவியத்தூரத்தால் வகுத்து வரும் செக்கன் அளவுக்குள் உடுக்கள் புள்ளியாய் நிற்கும் என்பது ஒரு பழங்கணக்கு. 20 மில்லிமீற்றர் வில்லைக்கு அது 25 செக்கன். இக்காலக் கூரிய உணரிகளுக்கு அதனினுங் குறைத்துக் கொள்ளுதலே நன்று.

குவியமும் நிறமும்

இருளிலே கமரா தானாகக் குவியம் கொள்ளமாட்டாது, தட்டுத்தடுமாறி நின்றுவிடும். ஆகவே குவியத்தைக் கையால் அமைத்தல் வேண்டும். வில்லையில் முடிவிலிக்கு இட்ட குறியை நம்பிவிடுதல் கூடாது. பல வில்லைகளில் அக்குறி சற்றுப் பிழையாயிருக்கும். அபிசித்து எனப்படும் வேகா, திருவாதிரை, வியாழன் போன்ற ஒளிமிக்க ஒன்றைத் திரையிற் பெரிதாக்கிப் பார்த்து, அது மிகச் சிறிய புள்ளியாகும்வரை வளையத்தைத் திருப்புக. பின் வளையம் அசையாதபடி ஒரு துண்டு ஒட்டுநாடாவால் ஒட்டிவிடுக. இரவு முழுவதும் எடுத்த படங்கள் யாவும் மங்கிப்போவதற்குப் பெரும்பாலும் காரணம் இச்சிறு வேலையை விடுதலேயாம்.

நிறச் சமநிலையைத் தானியங்கியாக விட்டால் படத்துக்குப் படம் வானம் நிறம் மாறும். 3500 முதல் 4000 கெல்வின் வரை ஒன்றில் நிறுத்துக. படத்தை றோ எனப்படும் பதப்படுத்தாத கோப்பாகச் சேமித்தால் பின்னர்த் திருத்துதற்கு இடமுண்டு. நெடுநேரப் படத்துக்குரிய புள்ளிநீக்கும் அமைப்பை நிறுத்துக. அது படமெடுத்த நேரமளவு மறுபடியும் கமராவைக் காத்திருக்கச் செய்யும். அதற்குள் காட்சி போய்விடும்.

இருளுக்குப் பழகிய கண்ணுக்குக் கமராவின் திரை மிகப் பிரகாசமாய்த் தோன்றும். அதனால் இருண்ட படமும் நன்றாய் வந்ததுபோல் மயக்கும். ஆதலின் திரையின் ஒளியைக் குறைத்து, ஒளிப்பரம்பலைக் காட்டும் வரைபடத்தைப் பார்த்தே முடிவுசெய்க. வரைபடம் இடக்கோடியில் ஒடுங்கியிருந்தால் ஒளி போதாது. வலக்கோடியில் முட்டினால் ஒளி மிகை.

இக்காலக் கைத்தொலைபேசிகளின் இரவு அமைப்பும் சில செக்கன் திறந்திருக்கும். அவற்றையும் முக்காலியில் அன்றேல் கல்லின்மேற் சார்த்தி வைத்தெடுத்தால் நல்ல படம் கிடைக்கும்.

இடமும் காலமும் குளிரும்

துருவவொளி துருவத்தின் உச்சியில் அன்று, அதனைச் சூழ்ந்த ஒரு வளையத்திலேயே மிகுதியாய்த் தோன்றும். நோர்வேயின் ட்ரொம்சோ, சுவீடனின் அபிஸ்கோ, ஐஸ்லாந்து, அலாஸ்காவின் பெயார்பாங்ஸ், கனடாவின் யெலோநைவ் என்பன அவ்வளையத்தின் கீழோ அருகிலோ உள்ளன. கோடையில் அங்கு இரவு இருளாதாதலின் ஆகத்துப் பிற்பகுதி தொடங்கி ஏப்ரில் முற்பகுதி வரையே பருவம். சூரியனின் ஊக்கம் ஏறத்தாழ 11 ஆண்டுக்கொருமுறை உச்சம் அடையும். அவ்வுச்சக் காலம் வந்துவிட்டதென 2024ஆம் ஆண்டு ஒற்றோபரில் அமெரிக்க அறிஞர் அறிவித்தனர். காந்தக் குழப்பத்தை 0 முதல் 9 வரை அளக்கும் கே.பி. சுட்டெண்ணை நோக்கி வாய்ப்பை அறியலாம். எனினும் எண் எத்துணை உயர்ந்தாலும் முகில் மூடினால் பயனில்லை. முதலிற் பார்க்கவேண்டியது வானிலை அறிக்கையே.

குளிர் பூச்சியத்தின் கீழ் 20 பாகைக்கும் இறங்கும். மின்கலங்கள் குளிரில் விரைந்து சோரும். மேலதிகக் கலங்களை உட்சட்டைப் பையில் உடற்சூட்டிலே வைத்திருக்க. உலோக முக்காலியை வெறுங்கையால் தொடாதிருக்க. குளிர்ந்த கமராவை உடனே சூடான வீட்டுள் கொண்டுசென்றால், பனிக்கட்டி இட்ட குவளையின் புறத்தே நீர் அரும்புமாறுபோல் அதன்மேலும் நீர் அரும்பிக் கேடு செய்யும். வெளியிலேயே பிளாத்திக்குப் பையில் இட்டு இறுகக் கட்டி, உள்ளே கொண்டுசென்று, சூடேறியபின் திறக்க. இவை யாவற்றினும் மேலாக, அண்ணாந்து பார்த்தபடி இருளில் நடத்தலும், வீதியோரத்தில் வாகனத்தை நிறுத்துதலும், உறைந்த ஏரியின்மேல் அறியாது கால்வைத்தலும் உயிருக்கு ஊறு செய்யும். பகலிலேயே இடத்தைப் பார்த்துவைத்தல் அறிவுடைமை.

இம்முறைகளைப் பழக வடக்கே போகுமட்டும் காத்திருக்க வேண்டுவதில்லை. நிலவற்ற இரவிலே காரைநகர்க் கசூரினாக் கடற்கரையில் நின்று, விளக்கின்றிக் கமராவின் விசைகளைத் தடவியே அறிந்து, ஓர் உடுவைக் கூரிய புள்ளியாகக் குவிக்கக் கற்றவன், துருவவொளியின் முன் தடுமாறான்.

மெய்யும் மிகையும்

ஈற்றிலே ஒன்று. தமிழ் அணியிலக்கணம் பொருளை உள்ளவாறு கூறுவதைத் தன்மை நவிற்சி என்றும், உலக எல்லை கடந்து கூறுவதை உயர்வு நவிற்சி என்றும் வகுத்தது. கவிஞனுக்கு இரண்டும் உரியன. கேட்போனும் இது மிகை என அறிந்தே சுவைப்பான். படத்தைப் பார்ப்போனோ அவ்வாறு அறிவதில்லை. அதனைச் சாட்சியாகவே கொள்வான். கமரா சேர்த்த நிறம் தன்மை நவிற்சியே. அதன்மேல் கணினியிலே பச்சையை எரிபச்சையாக்கி, இல்லாத ஊதாவை ஏற்றி, வேறொரு வானத்தை ஒட்டிவிடுதல் உயர்வு நவிற்சி. அதனைச் செய்வோன் செய்தேன் என்று சொல்லிவிட்டால் குற்றமில்லை. சொல்லாதுவிட்டால், பணஞ் சேர்த்து வடக்கே சென்று வெளிறிய முகிலைக் கண்டு ஏமாந்து திரும்பும் ஒருவனுக்கு அவன் கடனாளியாவான்.

உள்ளவாறு எடுத்து, நாளும் நேரமும் இடமும் குறித்த படம் அறிவுக்கும் துணையாகும். கனடாவின் அல்பேட்டா மாகாணத்துப் பொழுதுபோக்குப் படப்பிடிப்பாளர் சிலர் வானில் மெல்லிய ஊதாக் கீற்று ஒன்றைப் பலகாலும் படம்பிடித்து வந்தனர். அஃது அறிந்த துருவவொளி வகை எதனோடும் ஒத்திலது. 2016ஆம் ஆண்டில் ஒரு கேலிப்படத்திலிருந்து எடுத்த ‘ஸ்டீவ்’ என்னும் பெயரை அதற்கு வேடிக்கையாக இட்டனர். அவர்தம் படங்களையும் செயற்கைக்கோள் அளவைகளையும் ஒப்பிட்ட அறிஞர், 2018ஆம் ஆண்டில் அதனைப் புதுவதாகிய ஒரு நிகழ்வென வெளியிட்டனர். பட்டம் பெற்ற வானியலறிஞர் காணாததைக் கவனமுள்ள பொதுமக்கள் கண்டனர்.

ஆதலின், வடநாடுகளில் வாழும் பழைய மாணவ அன்பர்களே, நீவிர் எடுக்கும் படங்களை நம் கல்லூரிக்கும் அனுப்பி உதவுக. ஒவ்வொன்றின் பின்னும் நாள், மணி, ஊர், துவாரம், செக்கன், ஐ.எஸ்.ஓ. எண் ஆகியவற்றைக் குறிப்பதோடு, உம் கண்ணுக்கு அது எவ்வாறு தோன்றிற்று என ஒரு வரியும் எழுதுக. படத்தையும் அவ்வரியையும் ஒருங்கே வைத்துப் படிக்கும் நம் மாணவர், காணுதற்கரிய ஒளியொன்றை அறிவதோடு, சாட்சிகளை எடைபோடும் முறையையும் கற்றுக்கொள்வர்.